பால் கலந்த சாந்து

பின்பக்கத்து அறைக்கு ஒன்பதாம் மாதத்தில் முதல் பல் முளைத்தது. ஜன்னலின் கீழ்ச்சட்டத்தில் அரிசியளவுக்கு வெள்ளையாக ஏதோ துருத்திக்கொண்டு நின்றது. பட்டி பார்த்தபோது விட்டுப்போன பிசிறு என்று நினைத்து, அந்த அறையைக் கட்டியவள் உப்புத்தாளை எடுத்து இரண்டு தேய்ப்புத் தேய்த்தாள். அறை வீறிட்டு அழுதது. அவள் இடுப்பில் இருந்த சின்னவனும் சும்மா இருப்பானா, அவனும் கூடச் சேர்ந்துகொண்டான். ஒன்றைத் தட்டிக்கொடுத்து மற்றதைத் தடவிக்கொடுத்து ஓய வைப்பதற்குள் அடுப்பில் வைத்தது அடிப்பிடித்துவிட்டது, ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிக்கக் கலக்கி வைத்ததும் ஆடை கட்டிவிட்டது. அறைக்குப் பல் வந்ததைவிட ஒரு நாள் பெயிண்ட் வீணாய்ப் போனதுதான் அவளுக்கு அன்றைக்குப் பெரிய குறை.

அவள் கல்யாணத்துக்கு முன்பு டைல்ஸ் கடையில் ஆறு வருஷம் விற்பனைக்கு நின்றவள். எந்தத் தரைக்கு எந்த டைல்ஸ் ஒட்டும், எது வழுக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வாழ வந்த வீடோ கணவனின் அப்பா விட்டுப்போன பழைய வீடு. மழை பெய்தால் கூடத்தில் மூன்று பாத்திரம் வைக்க வேண்டும், குளியலறைத் தண்ணீர் வாசலைப் பார்த்து ஓடிவரும். கணவன் பார்சல் ஆபீசில் குமாஸ்தா. சுவரில் ஆணி அடிக்கச் சொன்னால் கட்டைவிரலில் அடித்துக்கொண்டு வந்து நிற்பான். கொத்தனாரைக் கூப்பிட்டால் ஒரு நாள் வருவார், பத்து நாள் வர மாட்டார். மூத்தவள் பிறந்து, வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்த எட்டாம் மாதம், இனி இவர்களை எல்லாம் நம்பிப் பிரயோஜனமில்லை என்று அவளே கரண்டியைக் கையில் எடுத்தாள். போனில் வீடியோ பார்த்துக் கற்றாள். குழந்தை தூங்கும்போது சத்தமில்லாத வேலை, விழித்திருக்கும்போது சத்தமுள்ள வேலை என்று பிரித்துக்கொண்டாள். மணல் குவியலில்தான் மூத்தவள் உட்காரப் பழகினாள். சாய்வு பார்க்கும் ரசமட்டத்தில் ஓடும் குமிழிதான் அவளுக்குக் கிலுகிலுப்பை. மூன்று வயதில் சாப்பாட்டு மேஜை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, சரிசெய்தால்தான் சாப்பிடுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ரசமட்டத்தை வைத்துப் பார்த்தால் நிஜமாகவே அரை விரல் சாய்வு.

சின்னவன் பிறந்து நாலு மாதத்தில், பிள்ளைகளுக்கென்று ஒரு அறை வேண்டும் என்று பின்பக்கத்தில் அவளே அஸ்திவாரம் போட்டாள். நேர்க்கோட்டுக்குக் கயிறு பிடித்தவன் கணவன்தான், அதை மறுக்க முடியாது. சுவர் எழும்பி உள்பூச்சு நடந்தபோதுதான் அந்தத் தவறு நடந்தது. இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு வீடு கட்டுகிறவள் தவிர வேறு யாருக்கும் அப்படி ஒரு தவறு வாய்க்காது. ஒரு கையில் சின்னவனின் பால் புட்டி, மறு கையில் தண்ணீர்க் குவளை. மூன்று ராத்திரித் தூக்கம் கெட்ட கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிய, பாலைச் சாந்தில் ஊற்றிக் குழைத்துவிட்டாள். தெரிந்தபோது பாதிச் சுவர் பூசியாகிவிட்டது. சாந்தை வீணாக்க மனம் வராமல் மீதியையும் அதைக்கொண்டே முடித்தாள். அப்புறம் பத்து நாள் சுவருக்குத் தண்ணீர் விட வேண்டுமே, சின்னவனுக்குப் பால் கொடுக்கும் நேரமெல்லாம் சுவருக்கும் தண்ணீர் காட்டினாள். கை பழகிப்போய், தண்ணீர் தெளித்ததும் சுவரை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வருவாள். ஆறாம் நாள் சுவர் ஏப்பம் விட்டது.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் பிள்ளை வளர்ப்புக் கதைதான். ஒன்பது அடி நீளத்தில் கட்டிய அறை ஒரு வயது முடியும்போது பத்தரை அடி இருந்தது. வீட்டில் அதைக் குட்டி என்று கூப்பிட்டார்கள், தெருவிலும் அதுவே நிலைத்தது. சின்னவனுக்குக் காய்ச்சல் வந்தால் குட்டிக்கும் சுவர் சுடும், ஈரத்துணியை இரண்டு பேருக்கும் போட வேண்டும். ஒரு கோடையில் பெயிண்ட் முழுக்கக் கொப்புளம் கொப்புளமாக வந்தது. பெயிண்ட் கடைக்காரர் வந்து பார்த்து ஈரக்கசிவு என்றார், பக்கத்து வீட்டுக்காரி பார்த்து அம்மை என்றாள். ஒரு வாரத்தில் தானாக அடங்கியதால் பக்கத்து வீட்டுக்காரி சொன்னதே சரி என்று தெருவில் முடிவானது. சொட்டு மருந்து கொடுக்க வந்த நர்ஸ், சின்னவனுக்குக் கொடுத்த கையோடு ஜன்னல் சட்டத்திலும் இரண்டு சொட்டு விட்டுவிட்டு, பதிவேட்டில் இதற்குக் கட்டம் இல்லையே என்று மட்டும் வருத்தப்பட்டாள். புது ஆள் உள்ளே வந்தால் குட்டிக்கு ஆகாது, கதவை இறுக்கிக்கொள்ளும். அம்மா கொல்லைக்குப் போய்த் துணி காயப்போட்டால்கூட விளக்கு மினுக்கு மினுக்கென்று சிணுங்கும். அப்படி ஒரு ஒட்டுதல். இரண்டு பெற்று மூன்றாவதையும் சுமக்கிறேன் என்று அவள் அலுத்துக்கொள்வாள், அலுப்பில் பெருமைதான் அதிகம் இருக்கும்.

அந்த வருஷங்களில்தான் கணவனுக்கும் வீட்டு வேலையில் அக்கறை வந்தது. சமையலறைக்கு அவள் மஞ்சள் டைல்ஸ் எடுத்து வைத்திருந்தாள், சாம்பல் நிறம் போட்டால் அழுக்குத் தெரியாதே என்றான். மாற்றினாள். அலமாரித் தட்டுகளை அவள் கைக்கு எட்டும் உயரத்தில் கோடு போட்டிருந்தாள், இன்னும் ஒரு சாண் மேலே வை, பிள்ளைகள் கை வைக்காது என்றான். வைத்தாள். அதற்கப்புறம் சர்க்கரை டப்பா எடுக்கவும் முக்காலி போட்டுத்தான் ஏற வேண்டியிருந்தது. வாசல்படியை இடித்துவிட்டுச் சரிவாகப் போடு, நமக்கும் வயசாகும் இல்லையா என்றான். இரண்டு நாள் முதுகு ஒடிய இடித்துச் சரிவு போட்டாள். அவள் டைல்ஸ் இடுக்கில் சிமெண்ட் மாவு பூசிக்கொண்டு தரையில் தவழும்போது டீ போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு நிற்பான். இந்த மனுஷனுக்கும் வீட்டு மேல ஆசை வந்துடுச்சே என்று அவள் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். அதை நினைத்தால் இப்போதும் அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும்.

சின்னவன் நாலு வயதை எட்டிய வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவனின் அண்ணன் தன் மனைவியோடு வந்து இறங்கினார். வெளியூரில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், முழங்கால் வலிக்காரர். சரிவான வாசலில் தடியை ஊன்றிச் சுகமாக ஏறி வந்தார். ஓரகத்தி நல்ல உயரம். சமையலறைக்குள் போனாள், குதிகாலைக்கூட உயர்த்தாமல் மேல்தட்டிலிருந்து சர்க்கரை டப்பாவை எடுத்து மூடியைத் திறந்து பார்த்துவிட்டு வைத்தாள். சாம்பல் நிறத் தரையைப் பார்த்தாள். பிறகு குட்டிக்குள் வந்து, பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்த இடத்தில் நின்றுகொண்டு, மலர்ந்த முகத்தோடு கொழுந்தனைப் பார்த்துச் சொன்னாள்.

"நான் சொன்ன மாதிரியே செஞ்சு வச்சிருக்கீங்களே தம்பி, ஒண்ணுகூட மாறல."

பெரியவர் அளவு நாடாவை எடுத்து, இந்தப் பக்கம் தன் சாய்வு நாற்காலி வருமா என்று சுவரை அளந்துகொண்டிருந்தார். அவளுக்கு முக்காலி, சாம்பல் நிறம், சரிவு எல்லாம் ஒவ்வொன்றாக வந்து இடத்தில் உட்கார்ந்தன. கணவன் திருதிருவென்று விழித்துக்கொண்டு கதவோரம் நின்றான்.

"எவ்வளவு நாளா நடக்குது இது?" என்று கேட்டாள்.

அண்ணன் பேரில் வீட்டை எழுதிக் கொடுத்து நாலு வருஷமாகிறது என்று அவன் தரையைப் பார்த்துச் சொன்னான். குட்டிக்கு அஸ்திவாரம் தோண்டிய அதே மாதம். அண்ணன் கேட்டான், அண்ணன் கேட்டு நான் என்றைக்கு இல்லையென்று சொன்னேன் என்றான். அது உண்மைதான், அண்ணன் கிழித்த கோட்டை அவன் பிறந்ததிலிருந்து தாண்டியதில்லை. ஓய்வு பெற்றதும் வந்து குடியேறுவதாக அப்போதே பேச்சாம்.

"எங்கிட்ட ஏங்க சொல்லல?"

"சொன்னா பாதியிலயே நிறுத்திடுவியே."

கேட்ட அண்ணன் மேல் அவளுக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. கேட்கிறவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். டீ கொண்டுவந்து வைத்தானே, அந்த டீதான் அவள் வயிற்றில் தீயாய் எரிந்தது. நம்பவைத்துக் கழுத்தை அறுப்பவன் முகத்தைச் சுளித்துக்கொண்டாவது அறுக்கலாம், இவன் பிஸ்கட்டும் கூட வைத்துக் கொடுத்திருக்கிறான். பிள்ளைகளுக்கென்று சுமந்த ஒவ்வொரு செங்கல்லும் இன்னொருத்தர் வீட்டுக்குப் போட்ட கூலியில்லாத வேலை. அவள் அழவில்லை. அழுதால் ஓரகத்தி வந்து தோளில் கை வைப்பாள், அது வேண்டாம் என்றிருந்தது. அதற்குள் குட்டியின் சுவர்கள் நாலும் வியர்த்துவிட்டன. பெரியவர் கையை எடுத்துப் பார்த்து, ஈரக்கசிவு இருக்கும் போலிருக்கிறதே என்றார்.

காலி செய்ய ஒரு மாதம் கொடுத்தார்கள். அந்த ஒரு மாதமும் அவள் எதையும் உடைக்கவில்லை, எதையும் பிடுங்கவில்லை, கணவனோடு ஒரு வார்த்தை பேசவுமில்லை. குளியலறைத் தரையில் ஒரே ஒரு டைல்ஸ் ஒட்டப் பாக்கி இருந்தது. அதை ஒட்டாமல் விட்டுவிட்டாள், அவ்வளவுதான். ஓரகத்தி பிறகு எத்தனையோ ஆளை வைத்து அந்த இடத்தில் டைல்ஸ் ஒட்டிப் பார்த்தாள், காலையில் பார்த்தால் கழன்று கிடக்கும்.

கிளம்பிய அன்று கணவன் சாமான் லாரியோடு முன்னால் போய்விட்டான். பெரியவர் சாய்வு நாற்காலியைக் குட்டிக்குள் போட்டு, காலை நீட்டிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் சின்னவனை ஒரு கையிலும் மூத்தவளை மறு கையிலும் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டாள். நாலு வீடு தாண்டியிருப்பாள், பின்னால் புதுத்துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. மூத்தவள்தான் முதலில் பார்த்தாள். குட்டி, வீட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு, அஸ்திவாரத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குடுகுடுவென்று தெருவில் வந்துகொண்டிருந்தது. பின்னால் பெரியவர் வெட்டவெளியில் சாய்வு நாற்காலியில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார், முகத்தில் நல்ல வெயில். அவள் அதட்டிப் பார்த்தாள், திரும்பிப் போ என்றாள். அது விளக்கை மினுக்கிச் சிணுங்கியது. சரி வா என்று சொல்லிவிட்டாள், பிறகு நடுத்தெருவில் பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்றுகூட நினைக்காமல் ஒரு மாத அழுகையையும் சேர்த்து அழுதாள். சாலையைக் கடக்கும்போது போக்குவரத்துக் காவலர் கையைக் காட்டி வண்டிகளை நிறுத்தி, இரண்டு பிள்ளைகளையும் ஒரு அறையையும் கடக்கவிட்டார்.

கணவன் பார்த்து வைத்த வாடகை வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. குட்டிக்கு மாடிப்படி பழக்கமில்லை, கீழேயே நின்றுவிட்டது. அதைத் தெருவில் விட்டுவிட்டு மேலே ஏற அவளுக்குக் கால் வரவில்லை. லாரியிலிருந்து பிள்ளைகளின் துணிமூட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு, பழைய டைல்ஸ் கடைக்கு நடந்தாள். கடை நடத்தும் அக்கா விஷயத்தைக் கேட்டுவிட்டு, கணவனைப் பற்றி இங்கே எழுத முடியாத ஒரு வார்த்தை சொன்னாள். பின்னால் பெட்டி அடுக்கும் இடத்தை ஒதுக்கிக் கொடுத்து, மறுநாளே வேலைக்கும் சேர்த்துக்கொண்டாள். பிறகு அங்கே அவள் குட்டியை ஒட்டி ஒரு சமையலறை கட்டினாள். மஞ்சள் டைல்ஸ், அலமாரி கைக்கு எட்டும் உயரத்தில்.

கணவன் தினமும் ஆபீஸ் விட்டதும் ஐந்தே முக்காலுக்கு அங்கே வருவான். வந்தால் கதவு இருக்காது. அவன் தெற்கே வந்தால் கதவு வடக்கே போய்விடும், சுற்றிக்கொண்டு வடக்கே போனால் கிழக்கே. சோறு வேண்டாமென்று முகத்தைத் திருப்பிக்கொள்கிற பிள்ளை மாதிரிதான். ஜன்னல் மட்டும் நகராது, அதன் வழியாகப் பிள்ளைகள் அப்பாவிடம் பிஸ்கட் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு பள்ளிக்கூடக் கதை சொல்வார்கள். முதல் வருஷம் போனபின் ஒருநாள் அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நீ ஒரு வார்த்தை சொன்னா அது கேக்கும்" என்றான்.

"நான் எதுவும் சொல்லித் தரலைங்க" என்றாள் அவள். "அன்னிக்கு நீங்க பேசினது அதுக்குள்ள நின்னுக்கிட்டுதான்."

அது பொய்யில்லை. சொல்லப்போனால், மழை பிடித்த இரண்டு சாயங்காலங்களில், நனைந்துகொண்டு நிற்கிறானே என்று அவளே உள்ளிருந்து தாழ்ப்பாளை விலக்கியிருக்கிறாள். திறந்தால் எதிரே மதில்சுவர் இருந்தது, ஆளைக் காணோம். மூன்று சுற்றுச் சுற்றுவான், பிறகு அண்ணன் வீட்டுக்குச் சாப்பிடப் போய்விடுவான். குட்டிக்கு இப்போது ஏழு வயது, பதினைந்து அடி நீளம், பால்பற்கள் விழுந்துகொண்டிருக்கின்றன. தபால்காரர் வந்தால் கதவு அவரைப் பார்த்தே நிற்கிறது, தண்ணீர் கேன்காரர் வந்தாலும் அப்படித்தான். மாலை ஐந்தே முக்காலுக்கு மட்டும் மெதுவாக மதில் பக்கம் திரும்புகிறது. அதைப் பார்த்துத்தான் டைல்ஸ் கடையில் விளக்குப் போடுகிறார்கள்.