சுவரில் இருந்த டிரைவர்

காலை ஒன்பது மணிக்குச் சேனலிலிருந்து போன் வந்தபோது தயாரிப்பாளர் நாற்காலியின் மேல் ஏறி நின்று ஜன்னல் திரை மாட்டிக்கொண்டிருந்தாள். பெரிய யூனிட்டுகளில் தயாரிப்பாளர் திரை மாட்டுவதில்லை. இங்கே மாட்டியாக வேண்டும். இருப்பது ஒரே ஒரு வாடகை வீடு. காலையில் அதன் கூடம் கதாநாயகியின் ஏழை வீடு. மதியம் பருத்தித் திரையைக் கழற்றிப் பட்டுத்திரை போட்டு, சோபாவை நடுவில் இழுத்துவிட்டால் அதுவே கதாநாயகியை மருமகளாக ஏற்க மறுக்கும் மாமியாரின் பங்களா.

"மேடம், நேத்து எபிசோட் பாத்தீங்களா?" என்றார் சேனல்காரர்.

"ஏன் சார்?"

"மாமியார் சோபால உக்காந்து பேசறாங்களே, பின்னாடி சுவத்துல ஒரு போட்டோ. அது அந்தப் பொண்ணோட செத்துப்போன அப்பாதானே?"

அவளுக்கு நாற்காலி ஆடியது போலிருந்தது. அந்தக் காட்சியை எடுத்த முந்தாநாள் மதியம் செட் ஆள் லீவு. கூடத்தை மாற்றியது அவளேதான். திரை, மேஜை விரிப்பு, பிளாஸ்டிக் பூ எல்லாவற்றையும் எடுத்தவள், தினமும் பார்த்துப் பார்த்துக் கண்ணில் படாமலே போய்விட்ட அந்தப் போட்டோவை மட்டும் விட்டுவிட்டாள். படம்பிடித்தவர், எடிட் செய்தவர், யாருமே கவனிக்கவில்லை. ஏழை வீட்டு அப்பா பணக்கார வீட்டுச் சுவரில் இருந்துகொண்டு ஊரையே பார்த்திருக்கிறார்.

மன்னிப்புக் கேட்க அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் சிரித்தார்.

"காலையிலேருந்து இங்க போன் ஓயல மேடம். அவரு எப்படி அங்க, மாமியாருக்கும் அவருக்கும் என்ன உறவுன்னு ஒரே கேள்வி. இப்படி ஒரு முடிச்ச வெச்சுக்கிட்டு மூச்சு விடாம இருந்திருக்கீங்களே! உங்க தொடர வெள்ளிக்கிழமையோட நிறுத்தறதா பேசி வெச்சிருந்தோம். சரி, இன்னிக்குப் பதில் வருதா?"

"வருது சார்," என்றாள்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. இன்றைய எபிசோட் நேற்றே முடிந்து போய்ச் சேர்ந்தாகிவிட்டது. அதில் பதிலும் இல்லை, போட்டோவும் இல்லை. கடைசி நாலு நிமிடத்தைப் புதிதாக எடுத்து ஆறு மணிக்குள் அனுப்பினால்தான் ஏழு மணிக்கு வரும்.

பத்தொன்பது வயதில் டப்பிங் தியேட்டரில் கூட்டத்தோடு சேர்ந்து அழும் குரலாக வந்தவள் அவள். யார் யாருடைய சாவுக்கோ அழுதாள். பிறகு பதினோரு வருடம் புரொடக்‌ஷன் மேனேஜர். படப்பிடிப்புக்கு வீடு கேட்டு அவள் தட்டாத கதவு இல்லை. சொந்தமாக இரண்டு படம் எடுத்தாள். முதல் படம் ஒரு வாரம் ஓடியது. இரண்டாவது படத்தின் முதல் காட்சியைத் தியேட்டரில் அவளும் புரொஜெக்டர் ஆபரேட்டரும் மட்டும்தான் பார்த்தார்கள். இடைவேளையில் ஆபரேட்டர் டீ குடிக்கப் போய்விட்டார். இந்தத் தொடர் நின்றால் மறுபடி இன்னொருவருக்காகக் கதவு தட்டப் போக வேண்டியதுதான். கெஞ்சுவதற்கு இனி முகம் கிடையாது என்று அவள் எப்போதோ முடிவு செய்திருந்தாள்.

நாற்காலியிலிருந்து குதித்து இறங்கினாள். மேக்கப் அறைக்கு ஓடினாள்.

"டேய், எழுந்திருடா!"

வசனம் எழுதும் தம்பி அங்கே பெஞ்சில் படுத்திருந்தான். விஷயத்தைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்தான். "ரொம்பச் சுலபம்க்கா. அவருதான் மாமியாரோட முதல் புருஷன்."

"அப்ப கதாநாயகனும் கதாநாயகியும் அண்ணன் தங்கச்சியா? நூத்தி நாப்பது எபிசோடா காதலிக்கறாங்கடா, அறிவு கெட்டவனே!"

"சரி, மாமியாரோட கூடப் பொறந்த தம்பி."

"தம்பின்னா அந்தப் பொண்ணு முறைப்பொண்ணு. அப்புறம் எதுக்கு எதிர்க்கணும்? நாளைக்கே கல்யாணத்த முடிச்சுட்டு நாம வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

மாமியாராக நடிக்கும், யூனிட்டே அம்மா என்று கூப்பிடும் மூத்த நடிகை கண்ணாடி முன்னால் புருவம் தீட்டிக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வருட அனுபவம். திரும்பாமலே சொன்னார்: "யாருன்னு அப்புறம் பாத்துக்கலாம்டி. மொதல்ல அந்த ஆள உயிரோட கொண்டாந்து என் முன்னால நிறுத்து. முகத்தப் பாத்தா எனக்கே தெரிஞ்சுடும்."

போட்டோவில் இருந்தவர் யூனிட் வேன் டிரைவர். முதல் எபிசோட் அன்று அப்பா வேடத்துக்குச் சொல்லிவைத்த ஆள் வராததால், படியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவரை எழுப்பி, "அண்ணே, சிரிக்காம ஒரு நிமிஷம் நில்லுங்க" என்று அவள் எடுத்த போட்டோ அது. இப்போது வேனைத் துடைத்துக்கொண்டிருந்தவர், நடிக்க வேண்டும் என்றதும் துணியைக் கீழே போட்டார்.

"ஆள விடுக்கா. போட்டோவா இருந்ததுக்கே வீட்டுக்காரி என்கிட்ட முகம் கொடுத்துப் பேசறதில்ல. உசுரோட இருக்கறவனச் சாகடிச்சுட்டாங்களேன்னு, என் மூஞ்சி வந்தாலே டிவிய அணைச்சுடறா."

"இன்னிக்கு உயிரோட வர்றீங்கண்ணே."

"நிஜமாவா?"

"சத்தியமா."

அவர் யோசித்தார். பிறகு வேனுக்குப் பின்னால் போய் மனைவிக்குப் போன் செய்தார். "இன்னிக்கு அணைக்காத. நான் சாகலையாம்," என்று அவர் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

மதியம் இரண்டு மணிக்குக் கூடம் பங்களாவானது. போட்டோவை இந்த முறை வேண்டுமென்றே சுவரில் மாட்டினார்கள். டிரைவர் வாசலில் வந்து நின்று, "என்னை மறந்துட்டியா?" என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான் வசனம். முதல் டேக்கில் கேமராவைப் பார்த்தார். இரண்டாவதில் சிரித்துவிட்டார். மூன்றாவதில், "உங்களப் போய் மறந்துட்டியான்னு எப்படிம்மா கேக்கறது? மரியாதையா இருக்காதே," என்று அம்மாவிடம் வருத்தப்பட்டார். ஆறாவது டேக்குக்குப் பிறகு டைரக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். மணி நாலு ஆகப்போகிறது.

"ஒண்ணுமில்லண்ணே. தினமும் வர்ற வீடுதானே, உள்ள வாங்க," என்றாள் தயாரிப்பாளர். குரல் மட்டும்தான் சாதாரணமாக இருந்தது. நகம் உள்ளங்கையில் பதிந்திருந்தது.

ஏழாவது டேக். டிரைவர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அம்மா சோபாவிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். டிரைவர் வாயைத் திறந்தார். வசனம் வரவில்லை. உதடு இரண்டு முறை அசைந்தது. பிறகு, ஒவ்வொரு சாயங்காலமும் ஷூட்டிங் முடிந்ததும் அதே இடத்தில் நின்று அதே அம்மாவிடம் கேட்பதை, அதே பணிவோடு கேட்டுவிட்டார்.

"வண்டி எடுக்கவாம்மா?"

டைரக்டர் "கட்" சொல்ல வாயெடுத்தார். தயாரிப்பாளர் அவர் கையை இறுகப் பிடித்தாள்.

அம்மா அசையவில்லை. மானிட்டரில் அந்த முகம் மட்டும் நிறைந்திருந்தது. முதலில் கோபம் வந்தது. அது நிற்காமல் நழுவியது. அதன் அடியிலிருந்து இருபது வயதுப் பெண் ஒருத்தி எட்டிப் பார்ப்பது போல் கண் நிறைந்தது. கழுத்துச் சங்கிலியைப் பிடித்திருந்த கை மெல்ல மடியில் விழுந்தது.

"இத்தன வருஷம் கழிச்சு வந்து," என்றார், மூச்சுக்கு நடுவில், "வண்டி எடுக்கவான்னா கேக்கற?"

டிரைவர் உண்மையிலேயே பயந்துபோய் நின்றார். அந்தப் பயம் அப்படியே பொருந்தியது.

"எடு," என்றார் அம்மா.

யாரும் கட் சொல்லவில்லை. லைட் பிடித்தவர் கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டார். டிரைவர்தான் கடைசியில் கேட்டார்: "தப்பாயிடுச்சாக்கா?"

"அந்த வீட்டு டிரைவருடா அவரு!" வசனம் எழுதும் தம்பி பேப்பரைத் தூக்கிக்கொண்டு கூடம் முழுக்க ஓடினான். "பங்களாவுல கார் ஓட்டினவரு! அந்தம்மா அப்ப கல்யாணமாகாத பொண்ணு! அக்கா, எரநூறு எபிசோட் இருக்குக்கா இதுல!"

"மொதல்ல இன்னிக்கு எபிசோட அனுப்புடா!"

எடிட்டர் மாடி அறையில் வெட்டினார். இசைக்கு நேரமில்லை. "வேண்டாம், அந்த மூச்சுச் சத்தமே போதும்," என்றாள். ஐந்து ஐம்பதுக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். கம்ப்யூட்டரில் பச்சைக் கோடு தொண்ணூற்று மூன்று சதவீதத்தில் நின்றது. எடிட்டர் ஒரு மந்திரமும் தெரியாதவர் என்பதால் சும்மா கைகூப்பினார். கோடு நகர்ந்தது. சேனல்காரர், "கிடைச்சிடுச்சு," என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிட்டார்.

ஏழு மணிக்கு யூனிட் முழுவதும் மேக்கப் அறை டிவி முன்னால் நெருக்கியடித்து உட்கார்ந்தது. டிரைவருக்கு முன் வரிசை. தயாரிப்பாளரால் உட்கார முடியவில்லை. கேட்டைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கி நடந்தாள்.

தொடரின் பாட்டு ஒரு வீட்டில் முடிய, அடுத்த வீட்டில் ஒரு விநாடி பிந்தி முடிந்தது. எந்தெந்த வீட்டில் ஓடவில்லை என்று அவள் எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டாள். ஒரு மாடியில் குழந்தை அழுதது. யாரோ "ஸ்ஸ்!" என்று அடக்கினார்கள். கையில் இருந்த போன் அதிர்ந்தது. சேனல் நம்பர். எடுக்காமல் மார்போடு அழுத்திக்கொண்டாள்.

கடைசி நாலு நிமிடம் வந்ததும் தெருவின் பேச்சுச் சத்தம் ஒவ்வொரு வீடாகக் குறைந்துகொண்டே வந்து நின்றது. எங்கிருந்தோ பால் தீயும் வாசனை வந்தது. பக்கத்து வீட்டுச் சமையலறை ஜன்னல் வழியே பார்த்தாள். அடுப்பில் பால் நுரைத்து எழுந்து, பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி, வெள்ளையாக வழிந்து தீயில் சுறுசுறுவென்று விழுந்தது. அதற்கு அப்பால், நீல வெளிச்சத்தில், மூன்று தலைகளின் பின்புறம் தெரிந்தது. ஒன்றுகூடத் திரும்பவில்லை.