வெல்லம் தின்ற மூன்று, தின்னாத மூன்று

1988-ல் நான் ஆடுகளின் வயிற்றை ஆராய்ந்துகொண்டிருந்தேன். இதை எங்கள் வீட்டில் வெளியே சொல்ல மாட்டார்கள். தயாளன் எம்.ஃபில். படிக்கிறான் என்பதோடு அப்பா நிறுத்திக்கொள்வார். மார்ச்சுக்குள் முடிக்காவிட்டால் ஒழுங்காக பாங்க் பரீட்சை எழுது என்று கெடு வேறு வைத்திருந்தார். எனக்குக் கணக்கு சுத்தமாக வராது. ஆடுகளை விட்டால் வேறு கதியில்லை.

தாம்பரத்தில் எங்கள் கல்லூரிக் கொட்டகையில் ஆறு வெள்ளாடுகள். மூன்றுக்குத் தினமும் தவிட்டில் வெல்லம் கலந்து வைக்க வேண்டும், மற்ற மூன்றுக்கு வெறும் தவிடு. வயிற்றிலுள்ள பாக்டீரியா வெல்லத்தைத் தின்று புளிக்க வைக்கும். நான் வாரம் ஒருமுறை ஆட்டின் வாய்வழியே குழாய் விட்டுச் சாறு எடுத்து, எவ்வளவு புளித்திருக்கிறது என்று அளப்பேன். அந்த வாசனையோடு ரயிலில் ஏறினால் அடுத்த ஸ்டேஷனான சானடோரியம் வருவதற்குள் எனக்கு உட்கார இடம் கிடைத்துவிடும்.

ஆறு வாரம் ஆயிற்று. ஆறு ஆட்டுக்கும் அச்சு அசலாக ஒரே புளிப்பு. வெல்லம் தின்றதும் தின்னாததும் ஒன்றென்றால் அப்புறம் என்ன ஆராய்ச்சி? குழாயைச் சரியாகக் கழுவவில்லை என்று பேராசிரியர் ராஜகோபால் என்னைத்தான் காய்ச்சினார்.

ஒருநாள் சீக்கிரமாகப் போனேன். கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் செல்லியம்மாள், வெறும் தவிடு தின்ன வேண்டிய மூன்று ஆட்டுக்கும் வெல்லம் ஊட்டிக்கொண்டிருந்தார். என் ஆறு வாரத்தை மண்ணாக்கிவிட்டீர்களே என்று கத்தினேன்.

"உன் வெல்லத்த நான் தொடல தம்பி. இது என் காசு," என்றார். "மூணு துண்ணுகினு கீது, மூணு பாத்துகினு கீது. இன்னா நியாயம் இது? பாத்துகினு இருக்கறது கண்ணு வச்சா, துண்றதுக்கு வயிறு வலிக்கும்."

பாக்டீரியா, ஒப்பீடு, அறிவியல் என்று அரைமணி நேரம் விளக்கினேன். பந்தியில் ஓரவஞ்சனை கூடாது என்பதிலிருந்து அவர் இம்மியும் நகரவில்லை. கடைசியில் மானத்தை விட்டு, பாங்க் பரீட்சை விஷயத்தைச் சொன்னேன். அதற்குத்தான் மனம் இரங்கினார். புழுக்கையைக் கூட்டித் தள்ளியபடியே வழி சொன்னார்.

"பெரிய சாருக்குச் சர்க்கரை வியாதி. காபில ஒரு மாத்திரை போட்டுக்கறாரே, அத்த இந்த மூணுக்கும் குடேன்."

சாக்கரின். நாக்குக்கு இனிக்கும், ஆனால் பாக்டீரியாவுக்குத் தீனியாகாது. இது எனக்குத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. ராஜகோபால் சாரிடம் சொன்னேன். தன் மாத்திரை டப்பாவையே எடுத்துக் கொடுத்தார். அடுத்த மாதமே வெல்ல ஆடுகள் தனியாகப் புளித்தன, மாத்திரை ஆடுகள் தேமே என்று இருந்தன.

மார்ச்சில் வாய்மொழித் தேர்வு. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் நூற்றுப்பத்து பக்கங்களையும் புரட்டிவிட்டு, சாக்கரின் கொடுத்ததுதான் இதில் உருப்படியான யோசனை, யாருடையது என்று கேட்டார். ராஜகோபால் சார் தொண்டையைச் செருமினார். என்னுடையது என்று சொல்ல நானும் வாயைத் திறந்துவிட்டேன். ஆனால் வந்தது வேறு.

"செல்லியம்மாள், சார்."

எந்தப் பல்கலைக்கழகம் என்றார். கொட்டகையில் இருக்கிறார் என்றேன். என் பட்டம் அதோடு போயிற்று என்று நினைத்தேன். அவரை அழைத்துவரச் சொன்னார். செல்லியம்மாள் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். இந்த ஆராய்ச்சியில் என்ன தெரிந்தது என்று தேர்வாளர் மரியாதையாகக் கேட்டார்.

"இன்னா தெரியறது? நாக்குக்குக் குடுத்தோம், வயித்துக்குக் குடுக்கல. வயிறு ஏமாறல, சார். பாவம், அதுங்க மூணுந்தான் ஏமாந்துச்சி."

தேர்வாளர் பேனாவை எடுத்தார். எனக்குப் பாஸ். ஒரே ஒரு திருத்தம்: முடிவுரையாக நான் எழுதிய ஒன்பது பக்கங்களையும் நீக்கிவிட்டு, இந்த அம்மாள் சொன்னதை மட்டும் போட வேண்டும்.

அதை ஆங்கிலத்தில் எழுத ராஜகோபால் சாரும் நானும் மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். அதற்குள் ஏமாந்த அந்த மூன்று ஆடுகளும் என் காசில் நாலு கிலோ வெல்லத்தைத் தின்று தீர்த்திருந்தன.