ஒட்டிக்கிற வியாதி

முதலில் டிரைவருக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. தெருவைத் தோண்டியவர்கள் குடிநீர்க் குழாயையும் சாக்கடைக் குழாயையும் சேர்த்து உடைத்துவிட்டு, மண்ணைத் தள்ளி மூடிப் போயிருந்தார்கள். குழாயில் வந்த தண்ணீர் பார்க்கப் பளிங்காகத்தான் இருந்தது. மதியத்துக்குள் அவனுக்குக் கஞ்சித் தண்ணீர் மாதிரி போக ஆரம்பித்தது. கெண்டைக்கால் முறுக்கிக்கொள்ள, வீடே அதிரக் கத்தினான். வீட்டிலேயே துணி தைக்கும் அவன் மனைவி மிஷினை மூடிவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, உப்பும் சர்க்கரையும் கலந்து ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினாள். வாந்தி எடுத்தால் வாயைத் துடைத்துவிட்டு மறுபடியும் ஊட்டினாள். நாறிய விரிப்புகளை வெறுங்கையால் அலசினாள்.

"என்னை விட்டுட்டுப் போயிடாதடி" என்று அவன் முந்தானையைப் பிடித்துக்கொண்டான். கல்யாணமானதிலிருந்து அவளிடம் அவன் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. அந்த நிலைமையிலும் அவளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் இனித்தது.

அவன் எழுந்து உட்கார்ந்து "பசிக்குது" என்ற அன்று அவள் விழுந்தாள்.

பாத்ரூமுக்கும் பாய்க்குமாக நடந்தவளுக்கு, கடைசியில் பாயிலேயே போய்விட்டது. கண் குழிக்குள் இறங்கி, குரல் கம்மிவிட்டது. அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றான்.

"கொஞ்சம் கலக்கிக் குடுங்க."

"எனக்கு இப்பத்தான் சரியாச்சு. திரும்ப ஒட்டிக்கிச்சுன்னா யாரு பார்க்குறது?"

குழாயில் பிடித்த தண்ணீரை அப்படியே ஒரு சொம்பில் கொண்டுவந்து, கை எட்டாத தூரத்தில் வைத்தான். "அண்ணன் வீட்டுல இருக்கேன். சரியானதும் போன் பண்ணு." கதவைச் சாத்திவிட்டுப் போனான்.

தைக்கக் கொடுத்த துணியைக் கேட்டு வந்த இஸ்திரிக்கார அக்காதான் பார்த்தாள். அலறிப்போய் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டபோது, கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது. இரண்டு கையிலும் சலைன் ஏற்றினார்கள்.

பிழைத்துக்கொண்டாள்.

டிரைவர் முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வார்டு வாசல்வரை வந்தான். "எப்ப விடுவாங்களாம்? அங்க அண்ணி மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிறாங்க."

"பொண்டாட்டி பொழைச்சாளான்னு கேக்க மாட்டியா?" என்றாள் அக்கா.

"அதான் முழிச்சிட்டிருக்காளே."

மனைவி காற்றுக்குரலில் கேட்டாள். "வீட்டைக் கழுவி விட்டீங்களா?"

"நான் அந்தப் பக்கமே போகல. நீ வந்து பாத்துக்கோ."

பேதிக்காரர்களுக்காக நடுவில் ஓட்டை வைத்த கட்டில் அது. ஆயா வந்து அடியிலிருந்த வாளியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். அவன் பல்லிபோலச் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்டான். கட்டிலில் அவள் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டாள். சத்தமே இல்லை, போர்வை மட்டும் குலுங்கிக்கொண்டே இருந்தது.