சவரிமேரியின் பிரியாணி உண்டியல்

கடைவாய்ப் பல் போனதில் சவரிமேரிக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. சொத்தைப் பல், போய்த் தொலையட்டும். அதைப் பிடுங்கிய அன்றைக்கு நடந்ததைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை. மன்னிப்பைப் பற்றி வாரா வாரம் கோயிலில் பிரசங்கம் கேட்கிறவள்தான். ஆனால் எந்தப் பிரசங்கத்திலும் இறால் பிரியாணியைப் பற்றி ஒரு வார்த்தை வந்ததில்லை.

போன வருஷம் மே மாதம். சிதம்பரத்துப் பல் ஆஸ்பத்திரியில் செலவு கம்மி என்று கடலூரிலிருந்து பஸ் ஏறிப் போனார்கள். சவரிமேரி, புருஷன் மரிய ஜோசப், காலேஜ் படிக்கிற மகள் நித்யா மேரி. பல்லைப் பிடுங்கிய டாக்டரம்மா வாயில் பஞ்சை வைத்து, "ஒரு மணி நேரம் கடிச்சிக்கிட்டே இருங்கம்மா. இன்னிக்கு சூடா, காரமா எதுவும் கூடாது" என்றாள். வெளியே வந்ததும் மரிய ஜோசப் மணியைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார், கடைசியாகப் பொண்டாட்டியைப் பார்த்தார். "இவ்ளோ தூரம் வந்துட்டோம்" என்றார்.

கண்ணாடிக் கதவு போட்ட ஏசி ஹோட்டல். உள்ளே போனதும் சிலுசிலுவென்று குளிர் முகத்தில் அடித்தது. வெள்ளைச் சட்டை போட்ட சர்வர் மூன்று பேருக்கும் மூன்று இலை போட்டார். "அவுங்களுக்கு வேணாம்பா" என்று சொல்லி, சவரிமேரிக்கு முன்னால் இருந்த இலையை மரிய ஜோசப் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு இறால் பிரியாணி வந்தது, நண்டு மசாலா வந்தது. பஞ்சைக் கடித்துக்கொண்டு, வாயில் ஊறுவது எச்சிலா ரத்தமா என்று தெரியாமல், ஒரு மணி நேரம் அவள் உட்கார்ந்திருந்தாள். கை கழுவிவிட்டு வந்த மரிய ஜோசப், "உனக்கும் சேத்து நானே சாப்ட்டுட்டேன் மேரி" என்று ஏப்பம் விட்டார். நகைச்சுவையாகப் பேசிவிட்டோம் என்ற நினைப்பு அவருக்கு.

அன்றைக்கே அவள் முடிவு பண்ணிவிட்டாள். அதே ஹோட்டல், அதே மேஜை, தன் காசு. தனக்கு ஒரு இலை. யாராவது பரிமாற வேண்டும், தான் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், எழுந்து பாத்திரம் கழுவக் கூடாது. இருபத்திரண்டு வருஷமாக ஒரு வீட்டுக்கு ஆக்கிப் போட்டவள் இவ்வளவு ஆசைப்படலாம்.

காசு சேர்ப்பது அவளுக்குப் புதிதல்ல, சேர்த்த காசு தங்குவதுதான் புதிது. கடுகு டப்பாவில் போட்டால் மரிய ஜோசப் டீ குடிக்க எடுப்பார். ரவை டப்பாவுக்கு மாற்றினால் பஸ்ஸுக்கு எடுப்பார். "சில்லறை எடுத்துகினேன் மேரி, ஜிபே பண்ணிடுறேன்" என்பார். டைல்ஸ் கடை சூப்பர்வைசரான அவர் கல் பதிக்கிறவர்களுக்கெல்லாம் கூப்பிட்டு ஜிபே பண்ணுவார். சவரிமேரியின் போனில் மட்டும் அந்தச் சத்தம் ஒரு நாளும் கேட்டதில்லை.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. தவக்காலம் தொடங்கும்போது பங்குக் கோயிலில் வீட்டுக்கொரு அட்டை உண்டியல் கொடுப்பார்கள். மேலே சிலுவைப் படம், கீழே 'ஏழைகளுக்காக' என்ற எழுத்து. நாற்பது நாளும் கறி மீனைத் தள்ளிவைத்து, மிச்சமாகிற காசை அதில் போட்டு, ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு அன்றைக்குக் கோயிலில் சேர்க்க வேண்டும். போன வருஷம் குருத்து ஞாயிறுக்கு இவர்கள் சேத்தியாத்தோப்பில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டதால் அந்த உண்டியல் வீட்டிலேயே தங்கிவிட்டது. அதைத் தூசி தட்டி, ஓரமெல்லாம் டேப் ஒட்டி, மாதா படத்துக்குப் பின்னால் வைத்தாள். பொண்டாட்டி காசை எடுக்கத் தயங்காதவர் கடவுள் காசில் கை வைக்கப் பயப்படுவார் என்று அவள் போட்ட கணக்கு சரியாகத்தான் இருந்தது. பத்து மாதம் ஒரு காசு குறையவில்லை.

பத்து ரூபாய்க் காசைப் பார்த்தாலே கடலூர் திருப்பாதிரிப்புலியூர்க் கடைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். சவரிமேரி வாய்விட்டுக் கேட்டு வாங்கினாள். காய்காரம்மாவிடம், பால்காரரிடம், பஸ் கண்டக்டரிடம் எல்லாம் அவளுக்குத் தனி மரியாதை வந்துவிட்டது. மாவு அரைத்துக் கொடுத்ததில் ஐந்து, பழைய பேப்பர் போட்டதில் இருபது. ஒவ்வொன்றையும் போடும்போது மாதாவைப் பார்த்து, "தப்பா நெனச்சிக்காத தாயே, இதுவும் ஒரு ஏழைக்குத்தான்" என்று சொல்லிவிடுவாள்.

இந்த வருஷத் தவக்காலம் வந்தது. புது உண்டியல் வந்தது. அதை மாதா படத்துக்கு முன்னால் வைத்தாள். முன்னால் இருப்பது ஏழைகளுக்கு, பின்னால் இருப்பது சிதம்பரத்துக்கு. ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை போவதாக நித்யா மேரியிடம் மட்டும் சொல்லி வைத்திருந்தாள். மொத்தம் மூவாயிரத்து இருநூற்று நாற்பது ரூபாய். இறாலுக்கும் நண்டுக்கும் பஸ்ஸுக்கும் போக, ஐஸ்கிரீமுக்கும் மிச்சம் வரும்.

குருத்து ஞாயிறு அன்றைக்கு அவள் விடிகாலைப் பூசைக்கே போய்விட்டு வந்து மீன் கழுவ உட்கார்ந்தாள். மரிய ஜோசப் எட்டு மணிப் பூசைக்குக் கிளம்பினார். அவர் திரும்பி வந்து குருத்தோலையைச் சுவரில் செருகியபோது அவர் முகத்தில் ஒரு தேஜஸ் தெரிந்தது. அதைப் பார்த்ததுமே சவரிமேரி கையிலிருந்த மீனைக் கீழே வைத்தாள். அந்த மனிதருக்குத் தேஜஸ் வந்த போதெல்லாம் வீட்டில் ஏதாவது காணாமல் போயிருக்கிறது.

"மேரி, நான் உன்ன என்னமோன்னு நெனச்சினு இருந்தேன்" என்றார். "ரெண்டு உண்டியல் இருந்துச்சி. முன்னால இருந்தத தூக்கிப் பாத்தேன், கடகடன்னு ரெண்டு காசு உருளுது. சரி, நம்ம வீட்டு லட்சணம் இதானேன்னு நெனச்சேன். பின்னால இருந்தத தூக்குறேன், தூக்கவே முடியல. யாருக்கும் தெரியாம இப்டி ஒரு தர்மமான்னு எனக்கு அழுகையே வந்துடுச்சி. பீடத்துல கொண்டுபோயி வெச்சேன் பாரு, ராஜாமணி டீச்சர் மொகத்த நீ பாத்துருக்கணும்!"

சவரிமேரி ஓடிப்போய் மாதா படத்துக்குப் பின்னால் கையை விட்டாள். தூசிதான் இருந்தது. முன்னால் இருந்த உண்டியலைக் கவிழ்த்தாள். பதினொரு ரூபாயும் ஒரு பேண்ட் பட்டனும் விழுந்தன. பட்டன் மரிய ஜோசப்பின் காணிக்கை.

அவள் அழுதாள். மீன் கையோடு தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுதபடியே பல் ஆஸ்பத்திரியில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். மரிய ஜோசப்பின் தேஜஸ் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. "ஐயய்யோ, போயி கேட்டு வாங்கிட்டு வரேன்" என்று சட்டையைக்கூட மாட்டிவிட்டார், அதையும் சொல்ல வேண்டும். அந்த நேரம் பார்த்து ராஜாமணி டீச்சர் போன் பண்ணினாள். அந்தத் தெருக் குடும்பங்களின் ஜெபக்கூட்டத்துக்கு அவள்தான் தலைவி. அட்டை உண்டியல் போட்டியில், அது போட்டியே இல்லை என்றாலும், வருஷா வருஷம் அவள்தான் முதல்.

போனை வைத்தபோது மரிய ஜோசப் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். "நம்மளுதுதான் பர்ஸ்ட்டாம். டீச்சருது ஆயிரத்து நூத்தம்பதுதான். போனது போச்சி மேரி. இப்ப திருப்பிக் கேட்டா நம்ம மானம் என்னாவறது?"

"உங்க மானம் என் இறால் பிரியாணிலயா இருக்குது?"

"இப்ப அதுலதான் இருக்குது."

மறுநாள் அவளே பங்குச் சாமியாரிடம் போனாள். ஆபீஸ் அறையில் ராஜாமணி டீச்சரும் ஒரு நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். சவரிமேரி தொண்டையைக் கனைத்து, "ஃபாதர், அந்த உண்டியல் விஷயமா..." என்று தொடங்கினாள்.

"தெரியும்மா, நீங்க எதுக்கு வந்தீங்கன்னு தெரியும்" என்று சாமியார் கையமர்த்தினார். "பேர் சொல்லாதீங்கன்னு சொல்ல வந்துருக்கீங்க. முடியாதும்மா. இந்த ஒரு விஷயத்துல நான் உங்க பேச்ச கேக்க மாட்டேன். ஈஸ்டர் பூசையில பேர் சொல்லியே தீருவேன்."

"இல்ல ஃபாதர், அது வந்து..."

"பாத்தீங்களா டீச்சர்? எவ்ளோ கூச்சப்படுறாங்க!"

டீச்சர் பார்த்தாள். ஆயிரத்து நூற்றைம்பது ரூபாய்க்காரி வேறு எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்தாள். சவரிமேரி வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

ஈஸ்டர் பூசை முடிந்ததும் அறிவிப்பு வந்தது. மரிய ஜோசப்பை மேலே கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். அதோடு விட்டிருக்கலாம், மைக்கையும் கொடுத்தார்கள். "எங்க வீட்ல இந்த நாப்பது நாளும் மீன் வாசனையே கெடையாதுங்க" என்று அவர் ஆரம்பித்தார். நித்யா மேரி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். போன புதன்கிழமை வைத்த சங்கரா மீன் குழம்பை அதே வாய்தான் ஊற்றி ஊற்றித் தின்றது. சவரிமேரி குனிந்து தரையைப் பார்த்தாள். அவளுக்கு அவமானமாக இருந்தது, அதைவிடப் பசியாக இருந்தது.

அப்புறம் சாமியார் அடுத்த செய்தியைச் சொன்னார். காணிக்கைக் காசில் மறுநாள் திங்கட்கிழமை சிதம்பரத்தில் இருக்கும் ஒரு முதியோர் இல்லத்தில் பிரியாணி விருந்து. மரிய ஜோசப் குடும்பத்தார் தங்கள் கையாலேயே பரிமாறுவார்கள்.

எல்லாரும் கைதட்டினார்கள். அதே திங்கட்கிழமை, அதே சிதம்பரம், பிரியாணியும் உண்டு. அவள் மட்டும் கரண்டி பிடிக்கும் பக்கத்தில் நிற்க வேண்டும். ஆண்டவருக்குக்கூட இந்தக் குசும்பு ஜாஸ்தி என்று அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் வேனின் முன்புறத்தில் ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தது. கூலிங்கிளாஸ் போட்ட மரிய ஜோசப், பக்கத்தில் 'தியாகச் செம்மல்' என்ற பட்டம், கீழே பொடி எழுத்தில் 'மற்றும் குடும்பத்தினர்'. அந்த மற்றும் குடும்பத்தினர் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். பரங்கிப்பேட்டை ரோடு பிரியும் இடத்தில் மீன் கூடையோடு பெண்கள் நின்றார்கள். சிதம்பரத்துக்குள் நுழைந்ததும் அந்தக் கண்ணாடிக் கதவு தெரிந்தது. கூர்க்கா ஒருவர் யாருக்கோ கதவைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார். வேன் நிற்காமல் போனது.

முதியோர் இல்லத்தின் கூடத்தில் நீள மேஜைகள் போட்டு, ஐம்பது பேருக்கு இலை போட்டிருந்தார்கள். சவரிமேரி அண்டாவைத் திறந்து கரண்டியை அடிவரை விட்டுக் கிளறினாள். சோறுதான் வந்தது. இன்னொரு தடவை கிளறினாள். ஒரு பட்டை, இரண்டு புதினா இலை.

"கறி எங்க டீச்சர்?"

ராஜாமணி டீச்சர் நோட்டைப் பிரித்தாள். "ஃப்ளெக்ஸு, வேனு, சால்வ, மைக்செட்டு, போட்டோகிராபரு... வெலவாசி எங்க போவுது பாரு மேரி. கறி போட்டா கட்டுபடி ஆவல. குஸ்காவும் ஆளுக்கொரு முட்டையும் சொல்லிட்டோம். வயசானவுங்களுக்கு கறி சீரணம் ஆவாது, நல்லதுதான்."

சவரிமேரி கரண்டியை அண்டாவிலேயே விட்டாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வரிசையைப் பார்த்தாள். கடைசியில் ஒரு இலை காலியாக இருந்தது. அந்த இடத்துக்காரருக்குக் காய்ச்சலாம், கஞ்சி கொடுத்திருந்தார்கள். அவள் நேரே போய் அந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்து தண்ணீர் தெளித்தாள்.

பொன்னாடையோடு கரண்டி பிடித்து வந்த மரிய ஜோசப் திடுக்கிட்டு நின்றார். "மேரி, ஏந்திரி. எல்லாரும் பாக்குறாங்க. நாம பரிமாற வந்தவுங்க."

"நீங்க பரிமாற வந்தவுங்க. நான் சாப்ட வந்தவ. போடுங்க."

ஐம்பது பேருக்கு முன்னால் அவரால் என்ன செய்ய முடியும்? போட்டார். முட்டையும் வைத்தார். சவரிமேரி இலையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"என் இறால் எங்க?"

"குஸ்காதான் மேரி. எறாலு ஏது இங்க?" என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார்.

"அதோ, உங்க தோள்ல கெடக்குது பாருங்க" என்றாள். அவள் கிசுகிசுக்கவில்லை.

மரிய ஜோசப் குனிந்து பொன்னாடையைப் பார்த்தார். அதை எடுப்பதா வைத்திருப்பதா என்று தெரியாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டே நின்றார். தூரத்திலிருந்து பார்த்த சாமியாருக்கு ஒன்றும் காதில் விழவில்லை. "பாருங்க டீச்சர், ஏழைங்களோட ஏழையா உக்காந்துட்டாங்க" என்று நெகிழ்ந்துபோய் போட்டோகிராபரைக் கூப்பிட்டார்.

பக்கத்து இலையில் இருந்த முத்தம்மாள் என்ற அம்மாள் சவரிமேரியை மேலும் கீழும் பார்த்தாள். "புதுசா சேந்துருக்கியாம்மா? உன்னையும் வீட்ல உட்டுட்டாங்களா?" என்று அனுதாபமாகக் கேட்டாள்.

சோறு சூடாக இருந்தது. சவரிமேரி ஒரு வாய் எடுத்து, பல் இருக்கிற பக்கமாகத் தள்ளி மென்று விழுங்கினாள்.

"இல்லம்மா" என்றாள். "நான் காசு குடுத்து சாப்புடுறேன்." பிறகு தலையைத் தூக்காமலே புருஷனிடம், "இந்தம்மாவுக்கு இன்னொரு முட்ட வைங்க" என்றாள்.