பட்டியலில் ஏழாவது ஆள்

பதினொரு மாதம் கழித்து அம்மா தன் காலில் நடந்து ஆராதனைக்கு வந்த அன்று, வாசலிலேயே பட்டியல் அண்ணன் மறித்துக்கொண்டார். யாருக்கு என்ன நோய், என்ன குறை என்று தாளில் ஏற்றி, ஞாயிறுதோறும் வாசித்து ஜெபம் நடத்துவது எங்கள் சபையில் அவர் ஊழியம்.

"அண்ணே, எழுந்து நடந்து வர்ற முதல் நாளே சபையில நன்றி சொல்றேன்னு ஆண்டவர்கிட்ட பொருத்தனை பண்ணியிருக்கேன். ரெண்டு நிமிஷம் போதும்" என்றாள் அம்மா.

அவர் தாளில் விரலை ஓட்டினார். "நீங்க இன்னும் பட்டியல்ல இருக்கீங்களே சிஸ்டர். ஏழாவது. வியாழக்கிழமையே பிரிண்ட் போட்டாச்சு."

"அதான் எழுந்து வந்துட்டேனே."

"சந்தோஷம். ஆனா பட்டியல்லேர்ந்து பேரை எடுத்தப்புறம்தான் எழுந்து சாட்சி சொல்லலாம். ஒரு முறை இருக்கில்ல? அடுத்த மாசம் பார்ப்போம்."

கல்லறையிலிருந்து ஒருவன் கட்டுகளோடு எழுந்து வந்தால்கூட இந்த மனிதர் படிவம் கேட்பார்.

அம்மாவுக்கு முதுகெலும்பில் காசநோய். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க ஆள் வேண்டும் என்பதால் நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றேன். அந்தப் பதினொரு மாதத்தில் எங்கள் வீட்டுப் படியேறியவர்கள் இரண்டே பேர்: மருந்துக்கடைக்காரர், குழாய் ரிப்பேர்காரர். இருவருமே ஜெபிக்கத் தெரியாதவர்கள். சபையார் தொண்டை கிழிய ஜெபித்துக்கொண்டிருந்ததால் வர முடியவில்லை போலும்.

இதையெல்லாம் பட்டியல் அண்ணன் முகத்துக்கு நேராகக் கேட்டிருக்கலாம். ஆனால் நான் மனசுக்குள் மட்டும்தான் வாயாடி. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

பக்கத்தில் சபையின் அழுகை அக்கா. பட்டியல் வாசிக்கும்போது கண்ணீர் விடுவதில் அவளை அடிக்க ஆளில்லை. இளைத்து, முடி கொட்டிப்போயிருந்த அம்மாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"புதுசா சிஸ்டர்?"

"இல்ல, பழசுதான்" என்றாள் அம்மா.

அது அவள் காதில் ஏறவில்லை. "இன்னைக்கு ஏழாவதா ஒரு சகோதரிக்காக ஜெபிப்போம். நல்லா பாரமா ஜெபிங்க. பாவம், திரும்பிக்கூடப் படுக்க முடியாது. அவங்களுக்காக நான் அழாத வாரமே இல்ல."

"வீட்டுக்குப் போய்ப் பார்த்தீங்களா?" என்று கேட்டாள் அம்மா.

"எங்க சிஸ்டர்? ஜெபிக்கவே நேரம் பத்தல."

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஏழாவது பெயர் வந்தது. சபையே கண்களை இறுக மூடிக்கொண்டது. "எழும்ப மாட்டாத உம்முடைய மகளைத் தொடும் ஆண்டவரே!" என்று பட்டியல் அண்ணன் மைக்கில் முழங்கினார். அக்கா மார்பில் அடித்துக்கொண்டு அழுத வேகத்தில் அவள் முழங்கை அம்மா முதுகுத்தண்டுக்குக் கட்டியிருந்த பட்டையில் இடித்தது.

அம்மா முன்நாற்காலியைப் பிடித்து எழுந்து நின்றாள். கால்கள் நடுங்கின. "ஆண்டவரே, எழும்பிட்டேன். உமக்கு நன்றி" என்று சத்தமாகச் சொன்னாள். அந்த இரைச்சலில் எனக்கே பாதிதான் கேட்டது. ஒருவரும் கண் திறக்கவில்லை. அக்கா மட்டும் ஒரு கண்ணைத் திறந்து அம்மாவின் உடுப்பை இழுத்தாள்.

"உக்காருங்க சிஸ்டர். நோயாளிக்காக ஜெபம் நடக்குது."

அம்மா உட்காரவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள். உள்ளே அவளுடைய சுகத்துக்காகக் கூச்சல் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.

மதில் ஓரம் மூச்சு வாங்க நின்றாள்.

"உனக்குக் கோபமே வரலையாம்மா?"

"வருது. அந்தக் கோபத்தோட வீட்டுக்குப் போனா ராத்திரி முதுகுதான் வலிக்கும். கண்ணை மூடு."

மூடினேன். அம்மா மெல்லப் பேசினாள். இரண்டு கால்களுக்காக நன்றி. தானாகத் திரும்பிப் படுத்த முதல் ராத்திரிக்காக நன்றி. பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிள்ளையை மறுபடி அனுப்ப வழி காட்டும். அங்கே அவள் குரல் உடைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உள்ள இருக்கிறவங்களையும் ஆசீர்வதியும்" என்றாள்.

நான் கண்ணைத் திறந்துவிட்டேன்.

"ஆமென் சொல்லுடி."

"எல்லாத்துக்கும் சேர்த்தா?"

"சேர்த்துதான்."

"கடைசியை விட்டுட்டுச் சொல்றேன்" என்றேன்.