பிராப்ளம் என்று எழுதக் கூடாது

மேனேஜர் ஏதோ பயிற்சி வகுப்புக்குப் போய்த் திரும்பிய நாளிலிருந்து லிஃப்ட் கம்பெனியில் ‘பிராப்ளம்’ என்ற சொல்லுக்குத் தடை விழுந்தது. தினசரி அறிக்கையில் இனி ‘சேலஞ்ச்’ என்றுதான் எழுத வேண்டும். இரண்டு நாள் ஏசி அறையில் உட்கார்ந்து அந்த மனிதர் கற்றுவந்த ஞானம் அவ்வளவுதான்.

மெக்கானிக்கும் வாயை மூடிக்கொண்டு எழுதினான். ஆறு மாடி விடுதி ஒன்றின் சர்வீஸ் லிஃப்டில் பிரேக் கட்டை தேய்ந்து கிடந்தது. ‘பிரேக்கில் சேலஞ்ச்’ என்று மூன்று வாரம் எழுதினான். முன்பெல்லாம் பிராப்ளம் என்று எழுதினால் மறுநாளே புதுக்கட்டை வந்து இறங்கும். சேலஞ்சுக்கு, ‘உன்னால் முடியும்’ என்று பதில் வந்தது.

அந்த விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்பவள் அவனுடைய கூடப்பிறந்த அக்கா. அழுக்குத்துணி மூட்டையோடு நாள் முழுக்க அந்த லிஃப்டில்தான் ஏறி இறங்குவாள்.

“என்னடா, லிஃப்ட் ஒரு சாண் கீழ போய் நிக்குது? ஏதாவது பிராப்ளமா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா.”

சொல்லிவிட்டானே தவிர, அன்றைய அறிக்கையிலும் ‘சேலஞ்ச்’ என்றே எழுதினான். வேலை போய்விட்டால் வீட்டில் நாலு வாய் என்ன செய்யும் என்ற பயம்தான் நாக்கைக் கட்டிப்போட்டது.

திங்கட்கிழமை காலை லிஃப்ட் நான்காம் மாடியில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போய், இரண்டு மாடிகளுக்கு நடுவே தொங்கியது. உள்ளே அக்கா. தகவல் கேட்டு அவன் ஓடிவந்து கதவை நெம்பி அவளை வெளியே இழுத்தான்.

“ஒண்ணுமில்லன்னு நீதானேடா சொன்ன?”

அவன் நேரே போய் மெயின் சுவிட்சை அணைத்தான். ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் ‘பிராப்ளம். ஏறாதீர்கள்’ என்று எழுதிக் கதவில் மாட்டினான். படமெடுத்து அறிக்கையோடு அனுப்பினான்.

கால் மணி நேரத்தில் மேனேஜர் போனில் வந்தார்.

“என்னய்யா எழுதி வச்சிருக்க? முதல்ல சேலஞ்ச்னு மாத்து.”

“மாத்தினா யாராவது ஏறிப் பாத்துடுவாங்க சார்.”

“அப்ப நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்.”

அக்கா மூட்டையை இழுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். “யாருடா போன்ல? என்னவாம்?”

ஒண்ணுமில்ல என்ற சொல் பழக்கத்தில் வாய்வரை வந்துவிட்டது. அதை விழுங்கினான்.

“பிராப்ளம்தான்க்கா. வேலை போச்சு.”

மூட்டையின் மறுமுனையை அவன் பிடித்துக்கொண்டான்.