பின்சீட்டுக்கு ஆள் தேவை

கொருக்குப்பேட்டையில் விறகுத்தொட்டி வைத்திருந்த கலீலுல்லா ஒரு பழைய காரை வாங்கிவந்தபோது, அவர் மனைவி பதுருன்னிசா அதில் ஒரே முறைதான் ஏறினாள். திருவொற்றியூர் போய்த் திரும்புவதற்குள் தலை கூரையில் இடித்து இடித்துக் கொண்டை அவிழ்ந்துவிட்டது. இது குதிப்பதை நிறுத்தும்வரை இதில் காலே வைக்கமாட்டேன் என்று வாசலிலேயே சொல்லிவிட்டாள். கார் நன்றாகத்தான் ஓடுகிறது, உனக்குத்தான் உட்காரத் தெரியவில்லை என்றார் அவர்.

ஆனாலும் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்ததும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு முற்றத்தில் இறங்கினார். பின்பக்கத்து ஷாக் அப்சார்பர் இரண்டும் எண்ணெய் ஒழுகிப் போய்விட்டதாக மெக்கானிக் சொல்லியிருந்தான். புதிதாக இரண்டு வாங்கி வந்தாயிற்று. மாட்டுவதற்கு மட்டும் மெக்கானிக் வேண்டாமாம், அவரே போதுமாம்.

பதுருன்னிசா சமையலறை ஜன்னலருகே கீரை ஆய்ந்தபடி வேடிக்கை பார்த்தாள். ஜாக்கியால் பின்பக்கத்தைத் தூக்கி, அச்சுக்கு அடியில் பழைய ரயில்கட்டைகளை அடுக்கி, சக்கரங்களைக் கழற்றினார். துருப்பிடித்த நட்டு அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, ஸ்பானரில் இரும்புக்குழாயைச் செருகி மிதித்தார். நட்டு வந்தது, அவரும் மல்லாந்து விழுந்தார். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

புதியதை மேல்பக்கம் மாட்டியதும் வம்பு வந்தது. அதன் கீழ்வளையம் அச்சிலிருந்த முளைக்கு ஒரு விரல் எட்டவில்லை. இழுத்தார், நெம்பினார், திட்டினார். காரின் உடம்பு கொஞ்சம் அமுங்கினால் போதும். தொட்டி ஆட்களுக்கோ அன்று விடுமுறை.

"பதுரு, சித்த வந்து பின்சீட்ல குந்துறியா?"

"குதிக்கிற வண்டில ஏறமாட்டேன்னு சொன்னேனே."

"சக்கரமே இல்ல, எங்கேந்து குதிக்கும்?"

"அப்போ, சக்கரம் இருந்தப்ப குதிச்சிது?"

கலீலுல்லா நெற்றியைத் துடைத்தார். துடைத்த இடமெல்லாம் கிரீஸ். "கொஞ்சம் குதிச்சிது" என்றார்.

அந்தக் கொஞ்சம் அவளுக்குப் போதுமாயிருந்தது. முறத்தோடு ஏறி உட்கார்ந்தாள். கார் அரைவிரல்தான் அமுங்கியது. தெம்பாகச் சாப்பிடு என்றால் கேட்டால்தானே என்று அவர் முணுமுணுத்தார். அவள் வீட்டுக்குள்ளிருந்த நாத்தனார் ரஹீமுன்னிசாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். ரஹீமுன்னிசா உட்கார்ந்ததும் ஸ்பிரிங் முனகியது, வளையம் முளையில் வழுக்கிக்கொண்டு ஏறியது. கலீலுல்லா நட்டை முடுக்கிவிட்டு மறுபக்கம் போனார். அங்கேயும் முடிந்தது. இறங்கலாம் என்றார். யாரும் இறங்கவில்லை. தண்டையார்பேட்டைக் கல்யாணத்தில் பிரியாணி பற்றாமல் போன கதை பாதியில் நின்றிருந்தது. அது முடியும்வரை அவர் சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

வெயில் தாழ்ந்ததும் எண்ணூர் பக்கம் கிளம்பினார்கள். கார் படகாய் மிதந்தது. அவள் எதுவும் சொல்லாமல் கடலையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவருக்குப் பொறுக்கவில்லை. சாலையில் இருந்த பள்ளத்திலெல்லாம் காரைத் தேடித்தேடி விட்டார். ரோட்டை விட்டு வளைந்துபோய் ஒரு பெரிய பள்ளத்திலும் இறக்கி ஏற்றினார்.

"இன்னாங்க," என்றாள் பதுருன்னிசா, "நல்லாத்தான் கீது, ஒத்துக்கிறேன். ரோட்டு மேலயே போலாமா?"

கலீலுல்லா சிரித்துக்கொண்டே காரை ரோட்டுக்குத் திருப்பினார்.